இங்கிலாந்துக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் தன்னார்வப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் குடியேறுபவர் கண்ணில் முதலில் படுவது, பெரும்பாலும் ஊர் நடுவே நிற்கும் பழைய கல் ஆலயமும் அதைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டமும்தான். தோட்டத்தைப் பேண உள்ளூர்த் தன்னார்வலர்களை அழைக்கும் தாள் ஒன்று ஆலய வாயிலில் ஒட்டப்பட்டிருக்கும். அத்தகைய குழு ஒன்றில் சில ஆண்டுகளாகப் பணிசெய்து வருபவன் என்ற முறையில், சேரலாமா என்று யோசிக்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துள்ளேன். இதில் உள்ள விதிகளும் நடைமுறைகளும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களுக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

கேள்வி: இந்தத் தோட்டங்கள் யாருடைய பொறுப்பில் உள்ளன? அரசு பார்த்துக்கொள்வதில்லையா?

இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 ஆலயக் கட்டடங்கள் உள்ளன. ஒவ்வோர் ஆலயத்தையும் அதன் கல்லறைத் தோட்டத்தையும் பராமரிக்கும் கடமை அந்தந்தச் சபையின் நிர்வாகக் குழுவுக்கு உரியது. ஞாயிறு ஆராதனைக்கு மிகச் சிலரே வரும் ஊர்களில், கூரையைப் பழுதுபார்க்கவும் குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்கவுமே காணிக்கை போதாமல் இருக்கும்போது, தோட்டத்துக்கு ஆள் வைத்துக் கூலி கொடுப்பது இயலாத காரியம். அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் நிரப்புகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இடம் நிறைந்து, புதிய அடக்கங்களுக்கு அரசாணை மூலம் மூடப்பட்ட தோட்டமாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 215-ஆம் பிரிவின்கீழ் சபைக் குழு அதன் பராமரிப்பை ஊர் மன்றத்திடம் ஒப்படைக்கலாம். எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து மூன்று மாதம் கழிந்தால் பொறுப்பு கைமாறும்; அந்த மூன்று மாதத்துக்குள் ஊர் மன்றம் அதை மாவட்ட மன்றத்துக்குத் தள்ளிவிடவும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே, பணியில் இறங்குமுன் உங்கள் ஊர்த் தோட்டம் திறந்ததா மூடியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய தோட்டத்தில் புல்வெட்ட வருபவர் மன்றத்தின் ஒப்பந்ததாரராக இருப்பார். அவரது இயந்திரத்துக்கும் உங்கள் காட்டுப்பூக்களுக்கும் சமரசம் செய்துவைப்பதே முதல் வேலையாக அமையக்கூடும்.

கேள்வி: நான் கிறிஸ்தவன் அல்லன். சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். இந்தக் குழுக்களில் ஆராதனைக்கே வராதவர்கள், எந்த மதத்திலும் பற்றில்லாதவர்கள், பறவைகளையும் செடிகளையும் கவனிப்பதற்காகவே வருபவர்கள் எனப் பலதரப்பினர் இருக்கிறார்கள். ஊர் எல்லைக்குள் குடியிருக்கும் எவருக்கும், அவர் எம்மதத்தவராயினும், இடம் இருக்கும்வரை அந்த ஊர்த் திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் தருகிறது. 1880-இல் வந்த அடக்கச் சட்டத் திருத்தம், ஆங்கிலிக்கன் (அதாவது இங்கிலாந்துத் திருச்சபைச்) சடங்கு இல்லாமலும் அங்கே அடக்கம் நடத்த வழிசெய்தது. தோட்டம் ஊருக்கே பொதுவானது என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதால், மண்வாரியோடு வருபவரிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

கேள்வி: ஒரு வேலை நாளில் என்னதான் செய்வீர்கள்?

பெரும்பாலும் புல் வாருவோம். பாதை ஓரங்களைச் சீர்செய்தல், நாவற்பழக் கறுப்பில் பழுக்கும் பிராம்பிள் என்னும் முட்புதரை வேரோடு எடுத்தல், தானாக முளைத்த ஆஷ், சிக்கமோர் மரக்கன்றுகளைக் கல்லறைகளின் இடுக்குகளிலிருந்து சிறு பருவத்திலேயே பிடுங்குதல், மழைநீர்க் கால்வாயில் அடைந்த இலைகளை அள்ளுதல், சுற்றுச்சுவரில் பெயர்ந்த கற்களைக் குறித்துவைத்துச் சபைக் குழுவுக்குத் தெரிவித்தல் ஆகியவை மற்ற வேலைகள். மரக்கன்று விஷயத்தில் சோம்பல் கூடாது. ஒரு முழம் இருக்கும்போது கையால் பிடுங்கக்கூடிய கன்று, கல்லறையின் பலகைகளுக்கு நடுவே பத்தாண்டு வளர்ந்தால் கல்லைப் பிளந்துவிடும். அதன்பின் மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும்.

இடையில் தேநீரும் கேக்கும் உண்டு. அதைச் சில்லறை விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் யார் யாருக்கு உறவு, எந்தக் கல் யாருடைய பாட்டனாருடையது என்ற செய்தியெல்லாம் அப்போதுதான் கிடைக்கும்.

கேள்வி: இடுப்பளவு புல் வளர்ந்து கிடக்கிறது. இதைப் பராமரிப்பு என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் மட்டுமல்ல, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் கோபத்தோடு கேட்கிறார்கள். பதில் சற்று நீளமானது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களில் இருந்த காட்டுப்பூப் புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டது. உழவும் செயற்கை உரமும் வீட்டுமனைகளும் அவற்றை விழுங்கின. உழாமலும் உரம் போடாமலும் நூற்றாண்டுக் கணக்கில் விடப்பட்ட நிலம் என்று ஒரு கிராமத்தில் எஞ்சியிருப்பது பல வேளைகளில் கல்லறைத் தோட்டம் மட்டுமே. கௌஸ்லிப், ஆக்ஸ்-ஐ டெய்சி, லேடீஸ் பெட்ஸ்ட்ரா, சில ஊர்களில் ஆர்க்கிட் வகைகள் கூட அந்த மண்ணில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயந்திரம் ஓட்டினால் அவை பூக்கவே வழியில்லை. பூத்து, காய்த்து, விதை உதிர்ந்தபின் வெட்டினால் அடுத்த ஆண்டும் வரும். ஆகையால் தோட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் வசந்தம் முதல் ஜூலை இறுதி வரையோ ஆகஸ்ட் வரையோ வெட்டாமல் விடுகிறோம். அது அந்தக் காலத்து வைக்கோல் வெட்டும் கணக்குதான். புதிதாக யாரும் கண்டுபிடித்ததன்று.

ஆனால் முழுத் தோட்டத்தையும் காடாக விடுவது தவறு என்பதே என் கருத்து. அண்மையில் அடக்கம் நடந்த பகுதியும், குடும்பத்தார் வந்துபோகும் கல்லறைகளும், ஆலய வாயிலுக்கான பாதையும் எப்போதும் குட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். நீண்ட புல்லுக்கு நடுவே நடக்க ஒரு பாதையை வெட்டி, ஓரங்களை நேராக வைத்து, ஏன் இப்படி விடப்பட்டுள்ளது என்று ஒரு சிறு பலகையும் வைத்துவிட்டால் புகார்கள் பெருமளவு குறைந்துவிடும். கணவரைப் புதைத்த இடத்துக்குப் போக ஈரப்புல்லில் புடவையையோ கால்சட்டையையோ நனைத்துக்கொண்டு நடக்க வேண்டிய மூதாட்டியிடம் பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பற்றி விளக்குவது நாகரிகமாகாது.

கேள்வி: வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் என்ன? உரமாகுமே?

உரமாகும் என்பதுதான் சிக்கல். நம் ஊரில் தழையைப் புதைத்து வயலை வளப்படுத்திப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும். காட்டுப்பூக்களுக்கு வேண்டியது சத்துக் குறைந்த மண். சத்து கூடினால் முரட்டுப் புல்லும் செந்தட்டி போன்ற நெட்டில் செடியும் ஓங்கி, மெல்லிய செடிகளை மூடிவிடும். ஆகவே வெட்டியதை இரண்டு மூன்று நாள் காயவிட்டு, விதை உதிர்ந்தபின் முழுவதையும் வாரி எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்குத்தான் ஆட்கள் அதிகம் தேவை.

முரட்டுப் புல்லை அடக்க யெல்லோ ராட்டில் என்ற ஓராண்டுச் செடியின் விதையைத் தூவுவதுண்டு. அது புல்லின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி. இலையுதிர்காலத்தில், புல்லை ஒட்ட வெட்டி மண் தெரியும்படி கீறிவிட்ட இடத்தில் தூவ வேண்டும். குளிர்காலத்தின் குளிர் பட்டால்தான் அது முளைக்கும். விதை விடுமுன் ஒருமுறை வெட்டிவிட்டாலும் அடுத்த ஆண்டு அந்தச் செடி இராது.

வாரிய புல்லை ஒரு மூலையில் குவிக்கலாம். ஆனால் சுவரின் மீதோ கல்லறையின் மீதோ மரத்தடியிலோ சாய்த்துக் குவிக்கக் கூடாது. கோடையில் அந்தக் குவியலைக் கிளறவும் கூடாது. கிராஸ் ஸ்நேக் என்னும் நஞ்சற்ற பாம்பு அந்தச் சூட்டில்தான் முட்டையிடும்.

கேள்வி: கல்லறைக் கற்களெல்லாம் கறை படிந்து கிடக்கின்றன. தேய்த்துக் கழுவிச் சுத்தமாக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் களை பறித்து, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலையும் மெழுகுவர்த்தியும் வைத்துப் பழகியவர்களுக்கு இது மனம் ஒப்பாத பதில் என்பது எனக்குத் தெரியும். இறந்தவர்களின் கல்லைப் பளிச்சென்று வைப்பது நம்மிடம் மரியாதை. அங்கே பழைய கல்லைத் தொடாமல் விடுவதே மரியாதை. அதற்குத் தக்க காரணங்களும் உள்ளன.

முதற்காரணம், நீங்கள் கறை என்று நினைப்பது பெரும்பாலும் உயிர். சாம்பல், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் வட்டம் வட்டமாகக் கல்லில் ஒட்டியிருப்பவை லைக்கன்கள். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர்கள். செட்டிநாட்டுச் சமையலில் இடும் கல்பாசியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பிரிட்டனில் உள்ள லைக்கன் வகைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல், அதாவது 700-க்கும் அதிகமானவை, கல்லறைத் தோட்டங்களில் பதிவாகியுள்ளன. பாறைகளே இல்லாத சமவெளி மாவட்டங்களில் அவற்றுக்கு ஆலயச் சுவரையும் கல்லறைக் கற்களையும் விட்டால் வேறு இடமில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராத வகைகள் பல. உள்ளங்கை அகலமுள்ள வட்டம் கல் நட்ட காலத்திலிருந்தே அங்கு இருக்கக்கூடும். சுண்ணாம்புக்கல்லில் வளர்வது மணற்கல்லில் வளராது. வெயில் படும் முகத்தில் இருப்பது நிழல் முகத்தில் இராது. பறவைகள் வந்து உட்காரும் மேல்விளிம்பில் எச்சத்தின் சத்தை விரும்பும் மஞ்சள் வகைகள் தனியே இருக்கும். கல்லை அசைத்துத் திசை மாற்றினால்கூட அவை மடிந்துவிடும்.

இரண்டாவது காரணம் கல்லின் உடல்நிலை. காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லும் வடக்கே உள்ள மணற்கல்லும் மென்மையானவை. மேற்பரப்பு ஏற்கெனவே ஏடு ஏடாகப் பெயரத் தொடங்கியிருக்கும். கம்பி பிரஷ், பிளீச், அமிலம், உயரழுத்த நீர்ப்பீச்சி ஆகியவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் கறையோடு எழுத்தும் போய்விடும். லெஸ்டர்ஷயரின் ஸ்வித்லண்ட் ஸ்லேட் கல்லில் 18-ஆம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்துகள் நேற்று வெட்டியவைபோல் இருக்கும். அதே காலத்துச் சுண்ணாம்புக்கல்லில் பெயரே எஞ்சியிராது. கல்லைப் பொறுத்தே எல்லாம்.

மூன்றாவது காரணம், அந்தக் கல் உங்களுடையதும் அன்று, சபையுடையதும் அன்று. நட்டவர் உயிரோடிருக்கும்வரை அது அவருடையது. அதன்பின், யார் நினைவாக நடப்பட்டதோ அவரின் வாரிசுகளுக்கு உரியது.

கேள்வி: எழுத்தே தெரியாத கல்லை எப்படி வாசிப்பது?

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச் செய்யுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், கல்லின் முகத்தை ஒட்டினாற்போல் ஒளி படும் நேரத்தில், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். வெயில் படாத கல்லாக இருந்தால் ஒரு நீளக் கண்ணாடியைப் பிடித்து ஒளியைத் திருப்பலாம். மேகமூட்டமான நாளில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுக்கலாம். சாக்குக்கட்டி பூசுவதும், சவர நுரையைத் தடவி வழிப்பதும், தாள் விரித்து மெழுகால் தேய்ப்பதும் கல்லுக்குக் கேடு. இணையத்தில் இவற்றைச் செய்துகாட்டும் காணொளிகள் நிறைய உண்டு, பின்பற்றாதீர்கள்.

படித்ததை எழுதிவைப்பது வெட்டுவதையும் வாருவதையும்விடப் பயனுள்ள பணியாகலாம். முழங்கால் வலியால் புல் வார முடியாத மூத்தவர்கள் எங்கள் குழுவில் இதைத்தான் செய்கிறார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, கல் வகை, நோக்கும் திசை, எழுத்து, செதுக்குச் சித்திரம், பழுது ஆகியவற்றைக் குறித்து, படத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். தெளிவில்லாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல், தெளிவில்லை என்றே குறியுங்கள். அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது அந்த இடைவெளி தானே நிரம்பக்கூடும். தவறான ஊகம் மட்டும் நூறாண்டுக்கு நிலைத்துவிடும்.

கேள்வி: ஸ்டிரிம்மர் (சுழலும் நூலால் புல்வெட்டும் கைக்கருவி) பயன்படுத்தலாமா?

கற்களின் அருகில் வேண்டாம். அதன் நைலான் நூல் மென்கல்லின் அடிப்பகுதியில் வெட்டுத் தழும்பை உண்டாக்கும். இளமரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்து மரத்தையே கொன்றுவிடும். கல்லிலிருந்து ஒரு கையகலம் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கைக் கத்தரியால் வெட்டுங்கள், அல்லது அப்படியே விடுங்கள். களைக்கொல்லி தெளித்து அந்த ஓரத்தைக் கருக்குவது இன்னும் மோசம்: மண் வெறுமையாகி மழையில் கரைவதோடு, மருந்தின் உப்புகள் கல்லுக்குள் ஏறி அதைப் பொரியச் செய்யும். எங்களில் சிலர் நீண்ட கைப்பிடி கொண்ட சைத் அரிவாளால் வெட்டுகிறார்கள். நின்றபடியே இடுப்பைத் திருப்பி வீசும் அந்தக் கருவியைக் கையாள ஒரு நாள் பயிற்சி வேண்டும். நம் கருக்கரிவாள் பழக்கம் அதற்கு உதவாது.

கேள்வி: சாய்ந்து நிற்கும் கல்லை நாமே நிமிர்த்தி வைக்கலாமா?

நினைத்தும் பார்க்காதீர்கள். நினைவுக்கல் ஒன்றின் எடை அரை டன்னைத் தாண்டக்கூடும். 2000-ஆம் ஆண்டு ஹாரோகேட் நகரக் கல்லறையில் கல் சாய்ந்து ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதற்குப்பின் நாடெங்கும் கற்களைத் தள்ளிப் பார்த்துச் சோதிப்பதும், ஐயம் வந்தவற்றையெல்லாம் படுக்கவைப்பதுமாக ஓர் அலை எழுந்தது. பல தோட்டங்கள் அதில் உருக்குலைந்தன. நீதி அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, உண்மையான ஆபத்து மிகக் குறைவு என்றும், நிலைமைக்கு ஏற்ற அளவான நடவடிக்கை போதும் என்றும் கூறி அந்த வேகத்தைத் தணித்தது. சாய்ந்த கல்லெல்லாம் விழப்போகும் கல் அன்று; நூறாண்டாக அதே சாய்வில் நிற்பவை ஏராளம். சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு, சாய்வு கூடியிருந்தால் சபைக் குழுவிடம் சொல்லுங்கள். தகுதிபெற்ற கல்தச்சர் வந்து பார்ப்பார்.

கேள்வி: ஐவி கொடியைப் பிடுங்கலாமா?

இழுத்துப் பிடுங்கினால் கல்லின் தோலும் கூடவே வரும். அடித்தண்டை வெட்டிவிட்டு, கொடி காய்ந்து பிடி தளரும்வரை காத்திருக்க வேண்டும். உடைந்த கல்லறைப் பெட்டியை ஐவிதான் கட்டிப்பிடித்து நிற்கவைத்திருக்கிறது என்றால் வெட்டவே கூடாது. முதலில் கல்தச்சர் பார்க்கட்டும். சுவரிலும் பெருமரத்திலும் உள்ள ஐவியை முடிந்தவரை விட்டுவிடுங்கள். வேறு பூக்கள் அருகிவிடும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது பூக்கிறது. அந்தப் பூவையே நம்பி வாழும் ஐவித் தேனீ 2001-இல் முதன்முதலாக டார்செட் பகுதியில் காணப்பட்டு, பின்னர் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியிருக்கிறது.

கேள்வி: ஆலயத்தருகே உள்ள அந்தக் கரும்பச்சை மரம் உள்ளே பொந்தாக இருக்கிறது. ஆபத்தா?

அது யூ மரம். வயதான யூ மரம் உள்ளீடற்றுப் போவது நோயன்று, இயல்பு. பொந்தான பிறகும் பல நூற்றாண்டுகள் அது வாழும். உள்ளேயே புதிய தண்டு இறங்கி வேர்விடுவதும் உண்டு. சர்ரே மாவட்டத்தில் உள்ள க்ரோஹர்ஸ்ட் ஊர் யூ மரத்தின் பொந்துக்குக் கதவே வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கல் ஊர் மரத்துக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது கணிக்கப்படுகிறது. ஆலயத்தைவிட மூத்த மரங்கள் பல ஊர்களில் நிற்கின்றன. பொந்தாகிவிட்டதால் வளையங்களை எண்ணி வயது காண முடியாது, சுற்றளவைக் கொண்டே கணிக்கிறார்கள்.

பொந்தைச் சுத்தம் செய்யவோ சிமெண்டு இட்டு நிரப்பவோ கூடாது. தரையைத் தொடும் கிளைகளை அழகுக்காக வெட்டக் கூடாது. மரத்தடியில் மண்ணோ புல்லோ குவிப்பதும் நெருப்பு மூட்டுவதும் கூடவே கூடாது. சிவப்புப் பழத்தின் சதையைத் தவிர இலை, பட்டை, விதை அனைத்தும் நஞ்சு. வெட்டிப்போட்ட காய்ந்த தழையும் கால்நடையைக் கொல்லும் என்பதால், புல் மேய ஆடுகளை விடும் ஊர்களில் இதில் பெருங்கவனம் வேண்டும். அதே இலையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து தயாரிக்கப்படுகிறது.

கேள்வி: எவற்றுக்கெல்லாம் அனுமதி வேண்டும்?

புல் வெட்டவும் வாரவும் களையெடுக்கவும் குருவானவரும், சர்ச் வார்டன் எனப்படும் சபைப் பொறுப்பாளரும் சரி என்றால் போதும். அதற்குமேல் போனால் திருச்சபைக்கென்றே தனிச் சட்டமுறை உண்டு. 2015-ஆம் ஆண்டின் விதிகளின்படி அனுமதி வேண்டாத சிறு வேலைகள் ஒரு பட்டியலிலும், ஆர்ச்டீக்கன் என்னும் மூத்த குருவின் எழுத்து அனுமதி வேண்டியவை இன்னொரு பட்டியலிலும் உள்ளன. இரண்டிலும் இல்லாதவற்றுக்குத் திருமண்டலத்தின் (பேராயர் ஒருவரின் ஆளுகைப் பகுதியின்) சான்சலர் என்னும் சபை நீதிபதியிடம் ஃபேகல்ட்டி எனப்படும் அனுமதி பெற வேண்டும். கல்லை இடம் மாற்றுவது, புதுப் பாதை போடுவது, கருவிக் கொட்டகை கட்டுவது ஆகியவற்றை நல்லெண்ணத்தில் தாமாகச் செய்துவிட்டுப் பின்னர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் குழுக்கள் உண்டு. மரம் என்றால் இன்னொரு அடுக்கு: பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் இருந்தால், வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே உள்ளாட்சிக்கும் அறிவிக்க வேண்டும். ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் 2012 முதல் பரவிவருவதால், பாதையோர ஆஷ் மரங்களைக் கவனித்து முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

காலதாமதம் எரிச்சலூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊர் நிலம் ஓரிருவரின் உற்சாகத்தால் மாறிவிடாமல் இருப்பதற்கு இந்தத் தாமதமே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பத்தாருக்கு மெருகிட்ட கறுப்புக் கிரானைட் கல் வைக்க விரும்பினோம், மறுத்துவிட்டார்கள். ஏன்?

பெரும்பாலான திருமண்டலங்களின் விதிகள், உள்ளூர்க் கட்டடக் கல்லோடு ஒத்துப்போகும் மெருகிடாத கல்லையே குருவானவர் தம் அதிகாரத்தில் அனுமதிக்க இடங்கொடுக்கின்றன. மெருகிட்ட கறுப்புக் கல், புகைப்படம், சுற்றுவரம்பு, வண்ணச் சரளை ஆகியவற்றுக்குச் சான்சலரிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும், எளிதில் கிடைக்காது. நகராட்சிக் கல்லறைகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே நிற்கும் பளபளக்கும் கறுப்புக் கற்களில் பல, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வெட்டி ஏற்றுமதியானவை என்பது ஒரு வேடிக்கை.

கேள்வி: வாடிய பூக்களையும் பிளாஸ்டிக் மலர்களையும் அகற்றலாமா?

வாடிய இயற்கை மலர்களை அகற்றலாம். பிளாஸ்டிக் மலர்களும் பொம்மைகளும் விதிப்படி கூடாதவை என்றாலும், அவற்றில் தன்னார்வலர் கைவைக்க வேண்டாம். குழந்தையைப் பறிகொடுத்த தாய் வைத்த காற்றாடியை விதியைக் காட்டி எடுத்துப் போடும் உரிமை புல்வெட்ட வந்தவருக்கு இல்லை, குருவானவர் பேசட்டும்.

கேள்வி: மண்ணில் எலும்பு தென்பட்டால்?

தென்படும். நூற்றாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடக்கம் நடந்த நிலம் அது. வெளிச் சாலையைவிடத் தோட்டத்தின் தரைமட்டம் உயர்ந்திருப்பதும் அதனால்தான். முயலும், பாட்ஜர் என்னும் வளை தோண்டும் விலங்கும் தோண்டிய மண்ணில் துண்டுகள் மேலே வரும். படம் எடுக்காதீர்கள், பைக்குள் போடாதீர்கள்; இடத்தை மறைத்துவிட்டு வார்டனுக்குச் சொல்லுங்கள். அங்கேயே மரியாதையோடு திரும்பப் புதைக்கப்படும்.

கேள்வி: போர்வீரர் கல்லறைகளையும் நாமே பராமரிக்கலாமா?

வெண்மையான போர்ட்லண்ட் கல்லில், ஒரே அளவில், மேல்விளிம்பு சற்றே வளைந்து நிற்பவை 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கற்கள். பிரிட்டனில் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் அந்த ஆணையம் போரில் இறந்தவர்களை நினைவுகூர்கிறது. அவற்றில் பல, ஒன்றிரண்டு கல்லறைகள் மட்டுமே உள்ள கிராமத் தோட்டங்கள். சுற்றியுள்ள புல்லை வெட்டலாம். கல்லைத் தொட விரும்பினால் ஆணையமே நடத்தும் தன்னார்வத் திட்டத்தில் சேர்ந்து பயிற்சி பெறுங்கள்: நீரும் மென்பிரஷும் மட்டுமே. குடும்பத்தார் தாங்களே நட்ட கல்லின்கீழ் இருக்கும் வீரர்களும் உண்டு. அந்தக் கற்கள் மேலே சொன்ன பொதுவிதிக்கே உட்பட்டவை.

கேள்வி: விலங்கு, பறவை பற்றிய சட்டம் ஏதும் உண்டா?

1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் கூடுகட்டிய பறவைகளையும், காலற்ற பல்லியான ஸ்லோ வார்மையும், வௌவால்களையும் காக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியையும் புதரையும் வெட்டுவதைத் தவிர்க்கிறோம். ஆலயத்துக்குள்ளேயோ வாயில் முகப்பிலோ வௌவால் இருந்தால் தொடாமல் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளை அழைத்து வரலாமா? காப்பீடு உண்டா?

பெற்றோர் உடனிருந்தால் வரலாம். சாய்ந்த கற்களில் ஏறவிடக் கூடாது. சபையின் காப்பீடு பொதுவாகத் தன்னார்வலரையும் உள்ளடக்கும். ஆனால் சங்கிலி ரம்பம், உயரத்தில் ஏணி வேலை போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கும், முன்கூட்டியே கேளுங்கள். நீண்ட புல்லில் உண்ணி இருக்கும், அது லைம் நோயைப் பரப்பும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் உடம்பைச் சோதியுங்கள்.

கேள்வி: எப்படித் தொடங்குவது?

வாயில் முகப்பில் உள்ள அறிவிப்புப் பலகையில் சர்ச் வார்டனின் தொலைபேசி எண் இருக்கும். முதல் நாளே ஆலோசனை சொல்லத் தொடங்காமல், ஓர் ஆண்டு முழுவதும் எந்தப் பூ எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். புல்வெட்டுத் திட்டம் வகுக்க அந்தக் குறிப்புதான் அடிப்படை. கேரிங் ஃபார் காட்ஸ் ஏக்கர் என்னும் தொண்டு நிறுவனம் இதற்கென்றே கையேடுகள் வைத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் அது நடத்தும் வாரத்தில் பல ஊர்த் தோட்டங்களில் செடி, பூச்சி, பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்; அவற்றின் பெயர் தெரியாதவர்களும் கலந்துகொள்ளலாம், தெரிந்தவர்கள் கூடவே இருப்பார்கள்.

கேள்வி: மழை பெய்தால்?

தூறலுக்கெல்லாம் நிறுத்துவதில்லை, நிறுத்தினால் இங்கிலாந்தில் வேலையே நடக்காது. கனமழையானால் புல் வாருவதைத் தள்ளிவைத்து, ஆலயத்துக்குள் உட்கார்ந்து பதிவேட்டுப் பணியைப் பார்ப்போம். ஈரக் கல்லில் வழுக்காத காலணியும் தடித்த கையுறையும் கொண்டு வாருங்கள். மண்வாரி அங்கே இருக்கிறது.